ஒனிஹங்காவில் ஒரு தட்டு டொன்கட்சு

அறுபது வயது வரை பன்றிக்கறியை வாயில் வைக்காதவள் நான். ஆடு, கோழி, மீன், நண்டு எல்லாம் உண்டு. பன்றி மட்டும் எங்கள் வீட்டில் பேச்சுக்கே கிடையாது. அதைப் பக்குவமாகப் பொரிக்கக் கற்றுக்கொண்டதும், கற்றுக்கொண்டதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதும் நியூசிலாந்து போய்வந்த பிறகு எனக்கு ஏற்பட்ட பழக்கங்கள்.

ஊர் பார்க்கப் போகவில்லை. ஆக்லாந்தில் இருக்கும் என் தம்பி செந்திலுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு முடிந்து, கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டர்கள் சொல்லிப் பல மாதம் ஆகிவிட்டது. ஆனால் அவன் சாப்பிடவில்லை. வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன் வழியாகச் சத்துப்பால் இறங்கிக்கொண்டிருந்தது.

"குழாயே போதும் எண்டு இருக்கிறார், மச்சாள். வாயால ஒண்டும் எடுக்கிறாரில்லை. நான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன்" என்று அவன் மனைவி வாசுகி போனில் அழுதாள். வாசுகி யாழ்ப்பாணத்துக்காரி. நாங்கள் திருநெல்வேலி. அவளும் செந்திலும் சந்தித்துக்கொண்டது ஆக்லாந்தின் மங்கரேயில், விமானச் சரக்குக் கிடங்கு ஒன்றில், வேலைக்குச் சேர்ந்த புதிதில். எனக்கு வங்கி வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு கிடைத்திருந்தது. பெட்டியில் துணிக்கு ஒரு பங்கு இடமும் பொடிகளுக்கு மூன்று பங்கு இடமும் ஒதுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஆக்லாந்து விமான நிலையத்தில் உணவுப் பொருளைச் சோதிப்பவர்கள் மனிதர்களைச் சோதிப்பவர்களைவிடக் கண்டிப்பானவர்கள். நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். பருப்புப்பொடி, ரசப்பொடி, சுண்டைக்காய் வற்றல் என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்த அதிகாரி, "இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்டார். "சாப்பிடாத தம்பிக்கு" என்றேன். அவர் பச்சைக் கறிவேப்பிலைக் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, இழவு வீட்டில் பேசுகிற குரலில், "மன்னிக்கணும், இதை விட முடியாது" என்றார். மற்றதெல்லாம் என்னுடன் வந்தது.

வந்தும் பயனில்லை என்பது அன்று மதியமே தெரிந்துவிட்டது.

செந்தில் மவுண்ட் ரோஸ்கில்லில் மரத்தால் கட்டிய பழைய வீடொன்றில் இருக்கிறான். கதவைத் திறந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சரக்குப் பெட்டி தூக்கிப் பழகிய தோள்கள் சட்டைக்குள் எங்கேயோ போயிருந்தன. கழுத்துத் தோல் கருத்துப் போயிருந்தது. "எக்கா, வந்துட்டியா" என்றான். குரல் கரகரத்தது, ஆனால் குரல் இருந்தது. அழக்கூடாது என்று விமானம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். அழவில்லை. நேரே அடுக்களைக்குப் போய்க் குழைந்த சோறும் மிளகு ரசமும் வைத்தேன்.

மரியாதைக்கு ஒரு கரண்டி வாயில் விட்டான். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓடிப்போய்த் துப்பினான். கதிர்வீச்சுப் பட்ட நாக்குக்கு மிளகும் நெருப்பும் ஒன்றுதான் என்று அப்புறம் சொன்னான். பெரியவர்கள் பல் தேய்க்கிற பேஸ்ட்கூட எரிகிறதாம், குழந்தைகளுடையதைத்தான் வைத்திருக்கிறானாம். எச்சிலும் சரியாக ஊறுவதில்லை. அதனால் உலர்ந்தது எதுவும் இறங்காது. நான் அத்தனை கடல் தாண்டிக் கொண்டுவந்தவை எல்லாமே ஒன்று எரிப்பவை, இல்லை உலர்ந்தவை.

மறுநாள் மிளகில்லாமல், மிளகாயில்லாமல் பருப்புச் சோறு பிசைந்தேன். அதற்கு மறுநாள் தயிரும் சோறும். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "இருக்கட்டும்க்கா, அப்புறம் பாப்போம்" என்பான். அந்த அப்புறம் வரவே இல்லை.

புதன்கிழமை ஜோ வந்தாள். விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க ஒரு தனிப் படிப்பு இருக்கிறது என்பது அவளைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். முப்பது வயதுப் பெண், சேறு படிந்த காரில் வீடு வீடாகப் போகிறாள். செந்திலை நிமிர்ந்து உட்காரச் சொன்னாள். ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, நாடியை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கச் சொன்னாள். அவன் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னையும் வாசுகியையும் வாசல் பக்கம் கூட்டிப் போனாள்.

"தொண்டை வேலை செய்கிறது. படம் எடுத்தும் பார்த்துவிட்டோம். ஈரமாக, மெதுவாக, சின்னதாக இருந்தால் அவரால் விழுங்க முடியும். அவருக்குத்தான் நம்பிக்கை இல்லை" என்றாள். "ஒரு தடவை அடைத்துக்கொண்டதே, அதிலேயே நிற்கிறார்."

அந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சிகிச்சை முடிந்த புதிதில் ஒரு நாள் ஒரு துண்டு ரொட்டி தொண்டையில் சிக்கி, மூச்சு நின்று, வாசுகி முதுகில் குத்திக் குத்தி வெளியே எடுத்திருக்கிறாள். "நீலமாப் போனார், மச்சாள். நான் அண்டைக்குச் செத்துப் பிழைச்சன்" என்றாள். அதிலிருந்துதான் குழாயோடு சமாதானமாகப் போய்விட்டான். அவளும் அதற்குமேல் வற்புறுத்த பயந்தாள்.

ஜோ கார் கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்: "அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டீர்களா?"

கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததையே ஆக்கிக் கொட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே போய்க் கேட்டேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சொன்னா திட்டுவ."

"திட்ட மாட்டேன், சொல்லுல."

"டொன்கட்சு."

எனக்குப் புரியவில்லை. வாசுகிக்குப் புரிந்தது. சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "அது பண்டி, மச்சாள். ஜப்பான்காரரின்ர சாப்பாடு. பண்டி இறைச்சியை ரொட்டித்தூளில பிரட்டிப் பொரிக்கிறது. ஒனிஹங்காவில ஒரு கடை. சம்பள நாளில அங்க போய்ச் சாப்பிட்டிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நான் வாயைக் கழுவிட்டு வரச் சொல்லுவன்."

யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. மிளகாய் கிடையாது, மிளகு கிடையாது. உப்பும் கறியும் எண்ணெயும்தான். ஆனால் ரொட்டித்தூளில் பொரித்தது முறுமுறுவென்று இருக்குமே, அது எப்படி இறங்கும் என்று கேட்டேன். "அதாங்க்கா, ஆசைதான், முடியாது" என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை நான் மட்டும் ஒனிஹங்காவுக்குக் கிளம்பினேன். வாசுகிக்கு வேலை. எங்கே மாறி ஏறுவது, எங்கே இறங்குவது என்று சொல்லித்தான் அனுப்பினாள். இந்த ஊரில் இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்னால் நாமே ஒரு பித்தானை அழுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கண்டக்டர் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கத்துவார். அதற்கும் எழும்பாவிட்டால் தோளைத் தட்டுவார். இங்கே கண்டக்டரே இல்லை. கடைத்தெரு கண்ணெதிரே கடந்துபோனது. நான் எழுந்து நிற்பதற்குள் பஸ் ஒரு பாலத்தின் மேல் ஏறி, அகலமான நீரைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டது.

பக்கத்தில் இருந்த பெரிய உடம்புக்காரப் பெண்மணி, சமோவாக்காரர் என்று நினைக்கிறேன், என் தவிப்பைப் பார்த்துத் தானே பித்தானை அழுத்தினார். "இது மங்கரே பிரிட்ஜ். திரும்பிப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். நடந்து போகிற பாலம் ஒன்று இருக்கிறது. நேராகப் போனால் ஒனிஹங்கா" என்றார். இறங்கும்போது எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன், தப்பான இடத்தில் இறக்கிவிட்டதற்கு.

அந்த நடைபாலத்தில் ஆட்கள் வரிசையாகத் தூண்டில் போட்டு நின்றார்கள். மழை தூறி நின்று, வெயில் அடித்து, மறுபடி தூறியது. எல்லாம் நான் பாலத்தைக் கடப்பதற்குள். சேலைத் தலைப்பு காற்றில் பறந்து ஒருவருடைய தூண்டில் கயிற்றில் சுற்றிக்கொண்டது. அவர் பொறுமையாக அவிழ்த்துக் கொடுத்து, "இன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய மீன் இதுதான்" என்றார். நனைந்த சேலையோடும் சிரித்த முகத்தோடும் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சின்னக் கடை. ஆறேழு மேசை. எண்ணெய் வாசனை, ஆனால் நம் பஜ்ஜிக் கடை மாதிரி கண்ணைக் கரிக்கிற வாசனை இல்லை. முடியைத் துணியால் கட்டிய ஒரு ஜப்பானியப் பெண் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் யூமி என்று பிறகு தெரிந்தது. என் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். முறுகாமல், மெத்தென்று ஒரு டொன்கட்சு செய்து தர முடியுமா?

"முடியாது" என்றாள். "மெத்தென்று இருந்தால் அது டொன்கட்சு இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வார்த்தை ஏன் என்று கேட்டாளா? வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் போய்த் தம்பியிடம் என்ன சொல்வது? கடைக்காரி மாட்டேன் என்று சொன்னாள், நானும் வந்துவிட்டேன் என்றா? மதியக் கூட்டம் கலையும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி உள்ளே போனேன். இந்தத் தடவை சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. தம்பியைப் பற்றிச் சொன்னேன். கட்டி, கதிர்வீச்சு, குழாய், அந்த ரொட்டித் துண்டு. போனில் அவன் பழைய படத்தைக் காட்டினேன்.

யூமி கை துடைத்துக்கொண்டு படத்தை நன்றாகப் பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இல்லை" என்றாள். "நிறைய பேர் வருகிறார்கள்." அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு எதிரே உட்கார்ந்து, "அவர் கேட்க வேண்டியது கட்சுடொன்" என்றாள். "பொரித்த கட்சுவைச் சின்னதாக வெட்டி, வெங்காயம் போட்ட, காரமில்லாத குழம்பில் இட்டு, மேலே முட்டையை ஊற்றி, சோற்றின் மேல் வைப்பது. ஊறிவிடும். வழுக்கிக்கொண்டு போகும். என் கடையில் அது இல்லை. உங்களுக்குச் சொல்லித் தருகிறேன்."

அதோடு விடவில்லை. "ஜப்பானிய மொழியில் கட்சு என்றால் ஜெயிப்பது என்றும் ஒரு பொருள் வரும். அதனால் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன்னால் இதைச் சமைத்துக் கொடுப்பார்கள். உங்கள் தம்பிக்குப் பரீட்சை எப்போது?"

"தினமும் மூன்று வேளை" என்றேன். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாதவளுக்குச் சமைக்கச் சொல்லித் தர மாட்டாளாம். முதலில் நான் டொன்கட்சு சாப்பிட வேண்டும். என் முன்னால் ஒரு தட்டு வந்தது. கம்பி வலைமேல் பொன்னிறத்தில் ஒரு பெரிய துண்டம், விரல் விரலாக வெட்டியிருந்தது. பக்கத்தில் மயிரிழை போல் சீவிய பச்சை முட்டைக்கோஸ் ஒரு குன்று, சோறு, ஒரு கிண்ணம் சூப், கருப்பாய்க் கெட்டியாய்ப் புளிப்பும் இனிப்புமாய் ஒரு சாஸ். நான் முட்டைக்கோஸைப் பார்த்தேன், சோற்றைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். யூமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஒரு கணம் நினைத்தேன். "பிள்ளைக்குத்தானே" என்றிருப்பாள். எடுத்துக் கடித்தேன்.

மேலே இருந்த தூள் பல்லில் நொறுங்கியது. உள்ளே கறி வெள்ளையாக, சாறோடு, ஆச்சரியப்படும்படி மிருதுவாக இருந்தது. இத்தனை வருஷம் மனசுக்குள் பயந்து வைத்திருந்த ருசி எதுவும் அதில் இல்லை. முழுத் தட்டையும் சாப்பிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. முட்டைக்கோஸ் உட்பட.

பிறகு அடுப்படிக்குள் கூட்டிப் போனாள். கொழுப்பில்லாத, முதுகெலும்பை ஒட்டிய மெல்லிய கறியை எடுத்தாள். அதுதான் எல்லாவற்றிலும் மிருதுவாம். மாவு, அடித்த முட்டை, பெரிய செதில் செதிலான ரொட்டித்தூள் என்று வரிசையாகப் பிரட்டினாள். எண்ணெயில் ஒரு துளித் தூளைப் போட்டுக் காட்டினாள். அது அடிக்குப் போய் அங்கேயே கிடந்தால் சூடு போதாது. பாதி வழியிலேயே மேலே வந்தால் சரி. "பொரித்த உடனே குழம்பில் போடு. ஆறவிட்டால் ரப்பர்" என்றாள். ஜோ கூட இருக்கும்போதுதான் முதல் வாய் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்கு வேண்டியதைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும், ஜோ வருகிற நாளில் வந்து வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னாள்.

ஜோ வரச் சம்மதித்த நாள் வெள்ளிக்கிழமை. அடுத்த வாரத்து வெள்ளி. எனக்கு நாளைப் பார்த்ததும் திக்கென்றது. வாசுகி வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டாள். அந்த வீட்டுக்குள் பன்றிக்கறி என்றைக்குமே நுழைந்ததில்லை. செந்தில் வெளியே சாப்பிடுவான், அவ்வளவுதான். அடுக்களைக்குப் பக்கத்து அலமாரியில்தான் அவள் சாமிப் படங்கள். நானே முந்திக்கொண்டு, "பின்னால மரத்தளத்துல ஒரு கேஸ் அடுப்பு இருக்குல்லா, அதுல வச்சுப் பொரிச்சிடுதேன். வீட்டுக்குள்ள கொண்டு வரமாட்டேன்" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஆக்லாந்துக் காற்று எனக்கெதிராகக் கட்சி கட்டியது. அடுப்பைப் பற்ற வைத்தால் அணைகிறது. அட்டையை மறைப்பாக நிறுத்தினால் அட்டை பறக்கிறது. எண்ணெய் காயவே இல்லை. அவசரப்பட்டு முதல் துண்டைப் போட்டேன். தூளெல்லாம் கழன்று எண்ணெயில் மிதந்தது, கறி வெளுத்துப் போய்க் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. யூமி கட்டித் தந்ததில் மிச்சம் இரண்டே துண்டு. ஜோவின் கார் வாசலில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கையில் இடுக்கியோடு, தூறலில் நனைந்துகொண்டு நின்றேன். ஊரில் நூறு பேருக்குச் சமைத்திருக்கிறேன். ஒரு துண்டுக் கறியைப் பொரிக்க முடியவில்லை.

பின்கதவு திறந்தது. வாசுகி வாசலில் நின்றாள்.

"மச்சாள், உள்ளுக்கு வாங்கோ. இந்தக் காத்தில எண்ணெய் கொதிக்காது."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை, வாசுகி."

"ஓம், தெரியும்."

"சாமிப் படம் இருக்கே."

"சாமி பாக்கட்டும்" என்றாள். "நான் இவ்வளவு நாளும் கும்பிட்டது இதுக்குத்தானே." சட்டியை அவளே தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

அவள் அடுப்பில் எண்ணெய் சீராகக் காய்ந்தது. தூளைப் போட்டேன், பாதி வழியில் திரும்பி மேலே வந்தது. மிச்சமிருந்த இரண்டு துண்டும் பொன்னாகப் பொரிந்தன. வாசுகி மூக்கைச் சுளிக்காமல் வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து கொடுத்தாள். ஜோ சொன்ன அளவுக்கு, சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு, கறியை வெட்டினேன். குழம்பில் போட்டு, முட்டையை ஊற்றி மூடினேன். திறந்தபோது மொறுமொறுப்பெல்லாம் போய், பஞ்சு போல் ஊறியிருந்தது. வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

செந்தில் அந்த வாசனைக்கே அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டான்.

நிமிர்ந்து உட்கார்ந்தான். ஜோ எதிரே உட்கார்ந்தாள். யாரும் பேசக்கூடாது, அவனைப் பேச வைக்கவும் கூடாது என்றாள். முதல் கரண்டியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் வெகுநேரம் இருந்தான். வாசுகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியை வாயில் வைத்தான். மென்றான். நாடியைத் தாழ்த்தினான். தொண்டை ஏறி இறங்கியது. ஒரு மடக்குத் தண்ணீர். இறங்கிவிட்டது.

இரண்டாவது கரண்டி. மூன்றாவது. எனக்கு மூச்சு வந்தது.

அதற்கடுத்த கரண்டியில் இருமினான். சின்ன இருமலாகத் தொடங்கி, முகம் சிவந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினான். நான் எழுந்துவிட்டேன். வாசுகி ஓடி அவன் முதுகுப் பக்கம் போனாள். ஜோ கையை உயர்த்தினாள். "தொடாதீர்கள். சத்தமாக இருமுகிறார், அப்படியென்றால் காற்று போகிறது. அவரே பார்த்துக்கொள்வார்."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவன் மறுபடியும் இருமினான், பிறகு ஆழமாக ஒரு மூச்சு இழுத்தான். கண்ணீரைத் துடைத்தான். ஜோவைப் பார்த்தான், வாசுகியைப் பார்த்தான். முடிந்தது, இனிமேல் இந்த ஜன்மத்தில் கரண்டியைத் தொடமாட்டான் என்று நினைத்தேன்.

கரண்டியை எடுத்து, கிண்ணத்துக்குள் விட்டு, ஒரு துண்டைத் தேடி எடுத்து வாயில் வைத்தான்.

அந்தக் கிண்ணத்தைக் காலி பண்ண அவனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சோறு கொஞ்சம் மிச்சம் வைத்தான், கறியில் ஒரு துண்டும் வைக்கவில்லை. ஜோ கிளம்பும்போது எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்தாள். அவள் போன பிறகு வாசுகி கிண்ணத்தைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். "கழுவ மனம் வரேல்லை, மச்சாள்" என்றாள்.

அதன்பிறகு வாரங்கள் வேகமாகப் போயின. ஒனிஹங்காவில் பித்தான் அழுத்தி இறங்குகிறவளாகிவிட்டேன். மூலைக்கடைக்கு 'டெய்ரி' என்று பெயர் என்பதும் பழகிவிட்டது. முதலில் பால்பண்ணை என்று நினைத்து மாட்டைத் தேடியிருக்கிறேன். கட்சுடொன்னில் தொடங்கியவன் அவித்த மீனுக்கு வந்தான், இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துச் சாப்பிட்டான், அப்புறம் மிளகில்லாத என் பருப்புச் சோற்றையும் சாப்பிட்டான். துண்டுகள் பெரிதாகின. குழாயில் இறங்கிய பால் குறைந்துகொண்டே வந்து நின்றே போனது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் குழாயையும் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைத் தூக்கி, ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காட்டி, "எக்கா, இனி எனக்கு ஒரு வாய்தான்" என்றான்.

நான் ஊருக்குக் கிளம்ப இருந்த வாரத்தில் அவனே ஆரம்பித்தான். ஊறவைத்தது வேண்டாமாம். முறுமுறு என்று இருக்கிற அசல் டொன்கட்சு வேண்டுமாம். ஜோவைக் கேட்டோம். சாஸ் நிறைய ஊற்றிக்கொள், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், அவசரப்படாதே என்றாள். முடியாது என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் மூவரும் போனோம். கடை நிறைந்திருந்தது. வாசலில் தூறலில் நின்று காத்திருந்தோம். யூமி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், செந்திலை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். வாசுகிக்குக் காய்கறியை அதே போல் பொரித்துக் கொண்டுவந்தார்கள். எனக்கும் அவனுக்கும் டொன்கட்சு. அவன் தட்டில் மட்டும் துண்டுகள் மிக மெல்லியதாக வெட்டியிருந்தன.

செந்தில் தட்டைப் பார்த்தான். என் தட்டைப் பார்த்தான். எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு யூமியிடம் போனான். அவன் கரகரத்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. "எல்லோருக்கும் வெட்டுகிற மாதிரி எனக்கும் வெட்டித் தாருங்கள்."

யூமி அந்தத் தட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். புதிதாக ஒன்றை எண்ணெயில் போட்டாள்.

அது வந்தபோது சத்தமிட்டுக்கொண்டிருந்தது. ஒரு துண்டை சாஸில் புரட்டி, கடித்தான். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அந்த நொறுங்கல் கேட்டது. வாசுகிக்கும் கேட்டிருக்க வேண்டும், அவள் கை என் கையைப் பிடித்தது. மென்றான், நிதானமாக, வெகுநேரம். ஒரு மடக்குத் தண்ணீர். நாடி தாழ்ந்தது. இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"என்னல?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. பேசாத."

பேசவில்லை. அவன் சாப்பிட்டான். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் போனார்கள். அவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசித் துண்டையும் முடித்து, தட்டில் ஒட்டியிருந்த தூளை விரலால் தொட்டு நக்கினான். அப்போது நான் என் தட்டில், ருசிக்காகக் கடைசிக்கென்று நடுத்துண்டு இரண்டை ஒதுக்கி வைத்திருந்தேன்.

"எக்கா, அது உனக்கு வேணுமா?" என்று கேட்டபடியே அவன் கை நீண்டது.

இத்தனை மாதமாக அவன் வாயில் ஒரு வாய் போகாதா என்று நானும் வாசுகியும் கெஞ்சாத தெய்வமில்லை. நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"வேணும். இது எனக்கு. ஆசைனா இன்னொண்ணு சொல்லிச் சாப்பிடு" என்றேன்.

வாசுகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செந்தில் என்னை முறைத்தான். பிறகு யூமியைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.